காபிக்கு அரை மணி லேட்

குழாயில் உப்புப் படியாமல் இருக்க, துணி ஆலை உட்படப் பல ஆலைகளில் ஒரு காலத்தில் சில ரசாயனங்களைப் போடுவார்கள். அந்த வம்சத்தில் வந்த ஒரு மாத்திரையைத்தான் சேத்தூரில் என் அம்மா ஞாயிறுதோறும் விழுங்குகிறாள். பெயர், அலெண்ட்ரோனேட். (பூர்வீகத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.)

மூட்டுவலி மாத்திரை அல்ல இது. எலும்பு பஞ்சாகிப் போகிற ஆஸ்டியோபொரோஸிஸுக்கு.

எலும்பு என்பது கட்டி முடித்த கட்டடம் இல்லை ஸார், முனிசிபாலிடி ரோடு. ஒரு கோஷ்டி தோண்டிக்கொண்டே இருக்கும், இன்னொரு கோஷ்டி பின்னாலேயே வந்து மூடும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் தோண்டுகிற கோஷ்டிக்கு ஓவர்டைம். மூடுகிறவர்களால் ஈடுகொடுக்க முடியாது. மாத்திரை, தோண்டுகிறவன் கையைப் பிடிக்கும். அவ்வளவுதான். ஜல்லியும் சிமெண்டும், அதாவது கால்சியமும் வைட்டமின் டி-யும், தனியாக வேண்டும்.

அம்மாவுக்குத் தகராறு சட்டதிட்டங்களோடு. எழுந்ததும் வெறும் வயிற்றில், பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கணும். அரை மணி நேரம் படுக்கக்கூடாது, காபி கூடாது. "ஏய்யா, எலும்பு கூடுதோ என்னமோ, தலைவலி கூடுது" என்பாள். நியாயம்தான். ஆனால் வெறும் வயிற்றிலேயே மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது. காபியோடு போட்டால் அதிலும் சுமார் 60 சதவீதம் போச்சு. படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

இந்த லட்சணத்தில், "தாடை எலும்பு அழுகிப் போயிருமாம்ல மதினி" என்று பக்கத்து வீட்டு அத்தை கொளுத்திப் போட்டார். அடுத்த 3 ஞாயிறு மாத்திரை துவரம்பருப்பு டப்பாவுக்குள் போனது. நான் டாக்டர் அல்ல, பி.காம். ஐந்தொகை போட்டுப் பார்த்தேன்.

வரவு: 1996-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கிய 2,027 பெண்கள், சுமார் 3 வருஷம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 15 பேருக்கு மறுபடி முதுகெலும்பு நொறுங்கியது. நிஜ மாத்திரையில் 8 பேர். இடுப்பு முறிவு 2.2-லிருந்து 1.1. இதைப் 'பாதிக்குப் பாதி' என்று ஆடித் தள்ளுபடி போர்டு மாதிரியும் எழுதலாம், 'நூற்றில் ஒருத்தர்' என்றும் சொல்லலாம். ஒரே கணக்குதான். ஆனால் இடுப்பு முறிந்து படுத்த பாட்டிகளை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். மறுபடி திண்ணைக்கு நடந்து வந்தவர்கள் குறைவு.

செலவு: தாடை விவகாரம் புரளி இல்லை. ஆனால் பெரும்பாலும் புற்றுநோய்க்காக அதிக டோஸ் ஊசி போட்டவர்களுக்கு. அம்மா மாதிரி மாத்திரைக்காரர்களில் வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவர், அல்லது அதற்கும் கீழே. பிடுங்க வேண்டிய பல்லை முதலிலேயே பிடுங்கிவிடுவது உத்தமம்.

எனக்கு உறுத்தியது இன்னொன்று. வருஷக்கணக்கில் தோண்டவே விடாவிட்டால் பழைய விரிசலும் ரிப்பேர் ஆகாது. சும்மா நடக்கும்போதே தொடையெலும்பு முறியலாம். அபூர்வம்தான், ஆனால் வருஷம் ஏற ஏறக் கூடுகிறது. 2010-ல் அமெரிக்க மருந்துத் துறை இந்த எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. தொடையிலோ கவட்டிலோ காரணமில்லாமல் வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக்கூடாது.

அதனால்தான் 5 வருஷம் முடிந்ததும் டாக்டர் மறுபடி பார்க்கணும். நிறையப் பேருக்கு நிறுத்தலாம். எலும்பில் சேர்ந்த மருந்து கொஞ்ச காலம் காவல் காக்கும். ஆபத்து அதிகமுள்ளவர்கள் தொடரணும். நம் வீடுகளிலோ, மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டை நீட்டினால் பத்து வருஷமும் மாத்திரை வரும். "எத்தனை வருஷம் டாக்டர்?" என்று கேட்டேன். கேட்டதோடு, அம்மாவின் ஃபைல் அட்டையில் வருஷத்தையும் எழுத வைத்தேன். பருப்பு டப்பாவிலிருந்து மாத்திரைகள் மீண்டன.

உங்கள் அம்மாவுக்கு 6 மாதத்துக்கொரு ஊசி, டெனோசுமாப், என்றால் கதையே வேறு. அதற்கு லீவு கிடையாது. தானாக நிறுத்தினாலோ தள்ளிப்போட்டாலோ, பூட்டி வைத்த தோண்டும் கோஷ்டி மொத்தமாகப் பாய்ந்து முதுகெலும்புகளை வரிசையாக நொறுக்கலாம். நிறுத்துவதென்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார். 'பையன் தீபாவளி லீவுக்கு வரட்டும், போட்டுக்கலாம்' என்பதெல்லாம் இதில் செல்லாது. தேதிக்கு முந்தின நாளே பஸ் ஏறிவிடுங்கள்.