மின்சார காரில் ஊர்ப் பயணம்: இரவு எங்கே தங்குவது?

தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் மும்பைத் தமிழர்களுக்கு ஊர் போய்ச் சேரும் கவலை வந்துவிடும். ரெயிலில் முன்பதிவு செய்யும் காலம் 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பண்டிகை நாட்களுக்கான இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. ஆம்னி பஸ் கட்டணமோ அந்த நாட்களில் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே நான்கைந்து பேர் சேர்ந்து காரில் புறப்படுவது வழக்கமாகி வருகிறது. அந்தக் கார்களில் மின்சார கார்களும் இப்போது இருக்கின்றன.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும், மாதத் தவணையில் கார் வாங்கிய குமாஸ்தாக்களும், "இந்தக் காரில் திருநெல்வேலி வரை போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் கார் எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்பதை மட்டும் பார்த்துப் புறப்பட்டால் சிரமம்தான். இரவில் எந்த ஊரில், எந்த லாட்ஜில் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பயணத்தின் மற்ற எல்லாக் கணக்கும் அதைப் பொறுத்தே அமையும்.

பெட்ரோல் காரும் மின்சார காரும்

பெட்ரோல் காரில் போகிறவர், களைப்பு வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணில் பட்ட லாட்ஜில் அறை கேட்கலாம். காலையில் பக்கத்து பங்க்கில் ஐந்தே நிமிடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பலாம். மின்சார காருக்கு அது செல்லாது. சாலையோரத்தில் உள்ள விரைவு சார்ஜர்கூட, பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வரை ஏற்ற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எண்பதுக்கு மேல் பாட்டரியே வேகத்தைக் குறைத்துவிடும்.

ஆனால் எந்தக் காரும் இரவில் எட்டுப் பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் அது மின்சாரம் ஏற்றிக்கொண்டால், காலையில் எங்கும் காத்திருக்காமல் புறப்படலாம். லாட்ஜின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் இருப்பதும் இல்லாததும் பயணத்தையே மாற்றிவிடுகிறது.

ஒரு சாதாரணக் கணக்கு

45 யூனிட் பாட்டரி உள்ள காரை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை வேகத்தில், ஏ.சி. போட்டுக்கொண்டு, ஆட்களும் மூட்டைகளுமாகப் போனால் ஒரு யூனிட்டுக்கு சுமார் 7 கிலோ மீட்டர் கிடைக்கும். விளம்பரத்தில் 480, 490 கிலோ மீட்டர் என்று இருந்தாலும், சாலையில் நம்பத்தக்கது 300 கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான்.

மும்பையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,600 கிலோ மீட்டர். இதைக் கோல்ஹாப்பூர், சித்ரதுர்கா, சேலம் ஆகிய மூன்று ஊர்களில் இரவு தங்கி, நான்கு பகலாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பகலுக்கும் சுமார் 400 கிலோ மீட்டர் வரும். ஒரு பகலுக்கு 57 யூனிட் தேவை.

ஏ.சி. இயந்திரத்துக்குப் போடும் பெரிய மூன்று முனை 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். பத்து மணி நேரத்தில் 30 யூனிட். இருபது சதவீத மிச்சத்துடன் லாட்ஜுக்கு வந்த கார், காலையில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் நிரம்பி நிற்கும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் இருந்தால் ஐந்தாறு மணி நேரத்திலேயே பாட்டரி நிறைந்துவிடும்.

இரவில் இப்படி ஏற்றிக்கொண்டால், பகலில் ஒரே ஒரு முறை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் விரைவு சார்ஜரில் நிறுத்தினால் போதும். இரவில் ஏற்றாவிட்டால் தினமும் இரண்டு முறை நிறுத்த வேண்டும். சாதாரண நாளில் இதனால் ஒரு மணி நேரம் போகும். பண்டிகைக்கு முந்தின நாளில், நமக்கு முன்னால் மூன்று கார்கள் வரிசையில் நின்றால், அதுவே மூன்று மணி நேரமாகலாம்.

சிறிய பாட்டரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 24 யூனிட் பாட்டரி, சாதாரண 15 ஆம்பியர் பிளக்கிலேயே ஓர் இரவில் முழுதும் நிரம்பிவிடும். பகலில் அவர்கள் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தாலும், காலையில் முழு பாட்டரியுடன் புறப்படலாம்.

சட்டம் தடுக்கவில்லை

லாட்ஜ்காரர்களில் பலர், "காருக்கு மின்சாரம் கொடுத்தால் மின்வாரியம் கேள்வி கேட்கும்" என்று மறுக்கிறார்கள். கார் சார்ஜ் செய்வது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, அதற்கு 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே விளக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் பொது சார்ஜ் நிலையம் அமைக்கலாம் என்று 2022 ஜனவரியில் வந்த வழிகாட்டு விதிகளும் சொல்கின்றன.

அப்படியானால் தயக்கம் ஏன்? லாட்ஜ்காரரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருபது ஏ.சி. அறைகள் உள்ள லாட்ஜ், அறைக்கு ஒன்றரை கிலோவாட் வீதம் 30 கிலோவாட் இழுக்கிறது. இரவு பத்து மணிக்கு எல்லா ஏ.சி.யும் ஓடும்போது, மூன்று கார்கள் 7 கிலோவாட் வீதம் இழுத்தால் அனுமதிக்கப்பட்ட மின்சுமை தாண்டிவிடும். அபராதம் அவர் தலையில் விழும். ஒரு கார் ஏற்றும் 30 யூனிட்டுக்கு, யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 300 ரூபாய் ஆகிறது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாய் வாடகை வாங்குகிறவர் அதை இலவசமாகக் கொடுக்க முடியாது.

பெரிய நட்சத்திர ஓட்டல்கள் இந்தச் செலவைத் தாங்கிக்கொண்டு சார்ஜர் வைத்துவிடுகின்றன. சம்பளக்காரரும் டிரைவரும் தங்கும் சாதாரண லாட்ஜ்களில் அது அரிதாக இருக்கிறது. பிளக்குக்காக நாலாயிரம் ரூபாய் அறை எடுத்தால், பெட்ரோலில் மிச்சப்பட்ட பணம் வாடகையில் கரைந்துவிடும்.

அரசின் கணக்கில் விட்டுப்போனது

பொது சார்ஜ் நிலையங்களை அரசு கவனிக்காமல் இல்லை. 2024 டிசம்பரில் நாட்டில் 25,000-க்கும் அதிகமான பொது சார்ஜ் நிலையங்கள் இருந்தன. அவற்றில் கர்நாடகம் முதலிடமும் மராட்டியம் இரண்டாமிடமும் வகித்தன. நம்முடைய ஊர்ப் பாதையின் பெரும்பகுதி இந்த இரண்டு மாநிலங்களில்தான் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி, கார்களுக்கு 22,100 விரைவு சார்ஜர்கள் அமைப்பது இலக்காக வைக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் 20 கிலோ மீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று 2024 வழிகாட்டு விதிகள் கூறுகின்றன.

இவை எல்லாம் பகலில் ஓடும் காரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. இரவில் நிற்கும் காருக்கு என்ன வழி?

புதுக் கட்டடங்களின் வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-ல் திருத்தம் செய்யப்பட்டது. அது மாதிரி விதிதான். மாநிலங்கள் ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும். அப்படி வந்தாலும், பத்து இருபது வருஷங்களுக்கு முன்பே கட்டிய நெடுஞ்சாலை லாட்ஜை அது தொடாது.

கட்டண விஷயத்திலும் ஒரு முரண் உண்டு. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பதால், அந்த நேரத்தில் சார்ஜ் நிலையங்களுக்குச் சராசரிச் செலவில் 70 சதவீதமும், மற்ற நேரத்தில் 130 சதவீதமும் கட்டணம் வைக்கும்படி 2024 விதிகள் மாநிலங்களுக்குச் சொல்கின்றன. மின்சாரத்தின் நோக்கில் இது சரியான ஏற்பாடு. ஆனால் சார்ஜருக்குத் தனி மீட்டர் வைக்கும் லாட்ஜுக்கு, விருந்தாளியின் கார் நிற்கும் நேரமே விலை கூடிய நேரமாகிவிடுகிறது.

லாட்ஜுகள் மீது அரசு ஒரு கடமையை வைக்க முடியாது என்பதில்லை. ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் டிரைவர்கள் படுத்துறங்க இடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023 ஜூனில் கட்டட விதிகளைத் திருத்தியது. காருக்குள்ளேயே முடங்கிப் படுத்த டிரைவர்களின் கஷ்டம் அதற்குக் காரணம். அதே வழியில், நெடுஞ்சாலை ஊர்களில் உள்ள சாதாரண லாட்ஜுகளுக்குக் கூடுதல் மின்சுமையைச் சலுகைக் கட்டணத்தில் கொடுத்து, இரண்டு பிளக்காவது வைக்கச் சொல்வதில் தவறில்லை. இதற்கு விரைவு சார்ஜர் வேண்டியதில்லை. நல்ல எர்த், தனி சுவிட்ச், மின்கசிவு வந்தால் நிறுத்தும் கருவி, ஒரு துணை மீட்டர் இருந்தால் போதும். விரைவு சார்ஜருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

அறை பதிவு செய்யுமுன்

அது வரும் வரை பயணிகள் தாங்களேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும். "சார்ஜ் வசதி உண்டு" என்று செல்போனில் பார்த்ததை மட்டும் நம்பி அறை போடக் கூடாது. லாட்ஜுக்கே போன் செய்து சில விஷயங்களைக் கேட்க வேண்டும்.

இருப்பது சார்ஜரா, வெறும் பிளக்கா? சார்ஜர் எல்லா கம்பெனிக் கார்களுக்கும் பொருந்துமா? எத்தனை உண்டு, நமக்கென்று ஒன்றை ஒதுக்கித் தருவார்களா? அந்த இடத்தில் பெட்ரோல் கார் நிற்காமல் பார்த்துக்கொள்வார்களா? கட்டணம் யூனிட்டுக்கா, இரவுக்கா? கரண்ட் போனால் ஜெனரேட்டரில் பிளக் வேலை செய்யுமா? பதில் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது. பகலில் சரி என்றவர் வீட்டுக்குப் போயிருப்பார். இரவு வேலைக்காரருக்கு விவரம் தெரியாது.

எர்த் சரியில்லாத பிளக்கில் பல கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். அது காரின் பழுது அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. அதை ஏமாற்ற முயலக் கூடாது. அறை ஜன்னல் வழியாக நீட்டிப்பு வயர் இழுத்துக் காருக்குக் கொடுப்பதைச் சில இடங்களில் பார்க்கிறோம். மெல்லிய வயரில் பத்து மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் ஓடினால் வயர் சூடேறி உருகும். லாட்ஜ் முழுவதும் தூங்கும் நேரத்தில் தீப்பிடிக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் சார்ஜ் செய்ய நீட்டிப்பு வயரைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. ஐந்து சதவீத பாட்டரியுடன் லாட்ஜ் வாசலில் போய் நிற்கக் கூடாது. அங்கே சார்ஜர் பழுதானால் அடுத்த நிலையத்துக்குப் போகவும் வழி இராது. இருபது, இருபத்தைந்து சதவீதம் மிச்சம் வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து கிலோ மீட்டருக்குள் விரைவு சார்ஜர் உள்ள ஊரில் தங்க வேண்டும். மலைப்பாதையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். போகும்போது கண்டாலா ஏற்றம் பாட்டரியைக் குடிக்கும். தொப்பூர் இறக்கம் கொஞ்சம் திருப்பித் தரும். திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றமாகிவிடும். போகும்போது போட்ட கணக்கு வரும்போது செல்லாது.

யாருக்கு ஏற்றது?

ஒன்றை மறைக்கத் தேவையில்லை. நான்கு பகல் போக, நான்கு பகல் வர என்றால் எட்டு நாள் சாலையிலேயே போய்விடும். பத்து நாள் லீவு கிடைத்தவருக்கு ஊரில் இரண்டு நாள்தான் மிஞ்சும். தனி ஆளாகப் போகிறவருக்கு, இடம் கிடைத்தால் ரெயிலே மேல். விரைவு நிலையங்களில் யூனிட்டுக்குப் பல இடங்களில் 18 ரூபாய் முதல் 25 ரூபாய் வரை ஆகிறது. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. மூன்று இரவு அறை வாடகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டினால் இரண்டு இரவில் போய்விடலாம். ஆனால் அப்போது பகல் நிறுத்தங்கள் கூடும்.

குடும்பத்தோடு, வயதானவர்களோடு, நீண்ட லீவில் போகிறவர்களுக்கு இந்தப் பயணம் பொருந்தும். ஊரில் வீட்டு வாசலிலேயே பிளக் இருக்கிறது. அங்கே சுற்றுவதற்குச் செலவும் குறைவு.

மும்பையிலிருந்து தெற்கே போகும் சாலையில் சாதாரண லாட்ஜுகளுக்குப் பஞ்சம் இல்லை. நாம் போன் செய்யும்போதெல்லாம் "கார் பார்க்கிங் உண்டா?" என்று கேட்டே அவர்கள் அந்த வசதியைச் செய்தார்கள். இனி "பிளக் உண்டா, எர்த் உண்டா, யூனிட்டுக்கு எவ்வளவு?" என்றும் கேட்போம். பத்துப் பேர் கேட்டு, பிளக் இல்லாததால் வேறு லாட்ஜுக்குப் போனால், பதினோராவது ஆள் கேட்பதற்குள் எலெக்ட்ரீஷியனை வரவழைத்துவிடுவார்கள்.