மூளைக் கட்டியும் விற்றமின் போத்தலும்

விற்றமின் மாத்திரை எடுத்தால் பிள்ளைக்கு மூளையில் கட்டி வராது என்ற பேச்சு தாய்மார் சிலரிடையே உண்டு. இதற்கு ஒரு மூலம் இருக்கவே செய்கிறது. சொசேஜ் போன்ற பதனிட்ட இறைச்சியில் சேர்க்கும் நைத்திரைற்று, இரைப்பையில் நைத்திரோசமீன் என்ற தீய பொருளாக மாறக்கூடும். விற்றமின் சீ அம்மாற்றத்தைத் தடுக்கும். இதே இனத்தைச் சேர்ந்த ஓர் இரசாயனத்தைச் சினை எலிகளுக்குக் கொடுத்தபோது குட்டிகளின் மூளையில் கட்டிகள் தோன்றின.

மனிதரில்? 1993இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஒருவகை மூளைக் கட்டி கண்ட சிறுவர்களின் தாய்மாரை விட ஏனைய தாய்மார், கர்ப்பகாலத்தில் பழம், மரக்கறி, போலேற்று ஆகியவற்றைக் கூடுதலாக உட்கொண்டிருந்தனர். ஆனால் இவை ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்ன பதில்கள். நமக்கோ நேற்று ஆக்கிய கறியே மறந்து போகிறது! மாத்திரை கட்டியைத் தடுக்கும் என்பதற்கு இது போதிய சான்றல்ல.

கொய்யா, நெல்லி, கீரை வகைகளைத் தாராளமாக உண்ணுங்கள். கர்ப்பிணிகள் போலிக் அமில மாத்திரையை விட்டுவிட வேண்டாம். அது சிசுவின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவது. பிள்ளைக்குக் காலை வேளைகளில் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தால், விற்றமின் பாணி பருக்கி நாளைக் கடத்தாமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.