கூரையைக் கையோடு கொண்டுவருகிறவர்கள்

போன மாதம் கல்லூரி நண்பர்கள் குழுவில் ஒரு திட்டம் கிளம்பியது. கோலியனூர் பக்கம் பைபாஸ் ஓரத்தில் ஒருத்தனின் மாமனார் நிலம் சும்மா கிடக்கிறது. வாரக் கடைசிகளில் அதில் டிரைவ்-இன் தியேட்டர் நடத்தலாம். ஈசிஆர் பிரார்த்தனாவை நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு, பாண்டிச்சேரி போகிற கார்களும் உண்டு. "வானத்துக்குக் கீழ எல்லாரும் ஒண்ணா படம் பாக்கலாம் மச்சான்." டிக்கெட் பதிவுக்கான ஆப்பை எழுதித் தரவேண்டியது நான். ஊர்க்காரன் இல்லையா.

படிவத்தில் முதல் கட்டம்: கார் எண். கட்டாயம் நிரப்பணும்.

நான் வளர்ந்த வீட்டில் கார் கிடையாது. அந்தக் கடுப்பில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 'ஒண்ணா'வை மட்டும் விட்டுத்தர முடியாது. ஒண்ணா உட்காராமல் படம் பார்க்கத்தான் டிரைவ்-இன் வந்தது.

1933 ஜூன் 6. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்தை ஒட்டி, ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் முதல் டிரைவ்-இன்னைத் திறந்தார். ஆளுக்கு 25 செண்ட், காருக்கும் 25 செண்ட். அதாவது காருக்கும் ஒரு டிக்கெட். குழந்தைகள் எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு வாங்க என்று விளம்பரம். பக்கத்தில் இருப்பவனைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. திரையருகே வைத்த ஒலிபெருக்கிகளின் சத்தம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனது, கடைசி வரிசைக்கோ உதட்டசைவுக்குப் பிந்தி வந்தது. (நூறு மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 0.3 நொடி. வீடியோ காலில் இதற்கே நாம் எரிந்து விழுவோம்.) மூன்றே வருடத்தில் கடையைக் கட்டினார்கள்.

அவர் காப்புரிமை வாங்கியது திரைக்கு இல்லை, மண்மேட்டுக்கு. கார்களின் முன்சக்கரம் மேடேறி நிற்கும்படி வரிசை வரிசையாகச் சரிவு. முன்னால் நிற்கிற காரின் கூரையைத் தாண்டிப் பார்வை போகும். 1949இல் அமெரிக்க நீதிமன்றம் இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்று தள்ளிவிட்டது. எங்கள் அம்மா சாட்சிக்குப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்திருக்கும். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கினால் முதல் வேலையே மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவதுதான். "தே, மேட்டக் கலைச்சிட்டு உக்காரு, மறைக்குதுல்ல" என்று பின்னாலிருந்து குரல் வரும். கலைக்கணும், இல்லைன்னா சண்டை. எனக்கு அந்தச் சண்டைதான் முக்கியம். டிரைவ்-இன்னில் மேட்டை முதலாளியே போட்டுத் தந்துவிடுகிறார், பின்னால் இருப்பவனோடு பேச வேண்டிய அவசியமே வராது.

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது சாதியல்ல, காசு என்றார் கார்த்திகேசு சிவத்தம்பி. கொஞ்சம் கூடுதலாகவே நம்பிவிட்டார் என்பது என் எண்ணம். காசு யார் கையில் இருந்தது என்று நாற்காலிக்கும் தெரியும், மணலுக்கும் தெரியும். ஆனாலும் கூரை ஒன்று. டிரைவ்-இன்னில் அவனவன் கூரையை அவனவனே ஓட்டிக்கொண்டு வருகிறான்.

அதுவும் எந்த மண்ணில்? பக்கத்து மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே வந்து கும்பிடக்கூடாது என்று எழுந்த தகராறில், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலையே அதிகாரிகள் பூட்டிச் சீல் வைத்தார்கள். அருகருகே நிற்பதே இன்னும் தீராத வழக்காக இருக்கிற இடத்தில், அருகில் யாரும் வராத வசதியை விற்கப்போகிறோம்.

"அப்ப அகமதாபாத்ல மட்டும் எப்படி ஓடுது?" என்றான். நல்ல கேள்வி. 1973இல் திறந்த சன்செட் டிரைவ்-இன்னில் குடும்பங்கள் காரை நிறுத்திவிட்டு, விரிப்பைப் போட்டு, சாப்பாட்டோடு வெளியே வந்து உட்காருகின்றன. கார் இல்லாமல் வருகிறவர்களுக்கும் இடம் உண்டு. அதாவது டிரைவ்-இன்னை ஜனங்கள் கொட்டகையாக மாற்றிக்கொண்டார்கள். நம்ம ஆட்கள் குழுவில் போட்ட படங்களோ, 2021இல் மும்பையில் ஒரு மால் மொட்டைமாடியில் திறந்த டிரைவ்-இன்னுடையவை.

கார் எண் கட்டாயமில்லை என்று மாற்றினேன். 'தரை' என்று ஒரு டிக்கெட் வகையைச் சேர்த்தேன். பாய்க்கு வாடகைகூடப் போட்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் தரையைக் காணோம். "பைக்க வேணா ஓரமா விடலாம்டா. நடந்து வர்றவங்களுக்கு வேலிக்கு வெளிய இருந்தே தெரியும்ல?" என்று பதில் வந்திருந்தது. கார் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் திரும்பவும் முளைத்திருந்தது.