கோரோ அடிச்சாரு, பெஞ்சில யாரு?

ஃபெரான் கொரோமினாஸ்னு முழுப் பேரு சொன்னா யோசிப்பீங்க. 'கோரோ'ன்னா ஐ.எஸ்.எல். பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். 2006-ல் எஸ்பான்யோல் அணி லா லிகாவிலிருந்து கீழே இறங்காமல் கடைசி நிமிடங்களில் காப்பாற்றிய கோல் அந்த ஸ்பெயின் ஸ்ட்ரைக்கருடையது. 2017-ல், 34 வயசுல, எஃப்.சி. கோவாவுக்கு வந்தார். 'பென்ஷன் வாங்க வர்றாரு'ன்னு நாம கிண்டல் பண்ணோம். மூணு சீசன், 57 மேட்ச், 48 கோல். ரெண்டு தடவை கோல்டன் பூட். 2019 சூப்பர் கப் ஃபைனல்ல நம்ம சென்னையினுக்கு எதிராவும் ஒண்ணு.

அவரைக் குறை சொல்ல முடியாது. என் கேள்வி கிளப்புகளிடம். கோல் அடிக்கிற இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரருக்கே கொடுத்தால், நம்ம பசங்க எப்போ கோல் அடிக்கக் கத்துக்குவாங்க? 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரி, 2025 மார்ச்சில் 40 வயசுல இந்திய அணிக்குத் திரும்ப வேண்டியதாச்சு.

'அவங்க வந்தாதான் தரம் உயரும்'னு சொல்வாங்க. சரிதான். ஆனா கோரோ பக்கத்துல நின்னு ஆடினாதான் கத்துக்க முடியும், பெஞ்சில உட்கார்ந்து இல்ல. ஒவ்வொரு அணியிலும் ஒரு இந்திய ஸ்ட்ரைக்கர் கட்டாயம் ஆடணும்னு விதி வரட்டும்.

காலாப்பட்டுல நாமளும் யோக்கியமில்ல. வெளியிலிருந்து கெஸ்ட் பிளேயரை முன்னாடி நிறுத்தித்தான் கப் அடிக்கிறோம். அடுத்த டோர்னமென்ட்ல 9-ம் நம்பர் ஜெர்சியை ஒரு ஜூனியருக்குக் கொடுப்போம். தோத்தாலும் பரவாயில்ல.