மரத்தடிக்கு டைல்ஸ் எதற்கு?

தில்லியில் மரம் உள்ள எந்தக் காலனிக்குப் போனாலும் ஒரு காட்சி தவறாமல் காணக் கிடைக்கும். மழை தொடங்கியதும் மாலி வந்து வேப்பமரத்தடியைக் கொத்தி, இங்கே 'தூப்' என்று சொல்லும் அறுகம்புல்லை நடுவார். தீபாவளிக்குப் பச்சை தெரியும். பொங்கலுக்குள் திட்டுத் திட்டாகத் தேய்ந்துவிடும். மே மாதம் லூ காற்று வீசும்போது அங்கே வெறும் புழுதிதான் மிஞ்சும். அடுத்த வருஷம் மறுபடி புல், மறுபடி புழுதி. மூன்று வருஷம் இப்படிப் போனபின் கமிட்டியில் யாராவது ஒருவர் எழுந்து, "பேசாமல் டைல்ஸ் போட்டுவிடலாம் சார், ஒரு தடவை செலவோடு போச்சு" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் இன்று ஏதாவது ஒரு ஹவுசிங் சொசைட்டியில் கமிட்டி உறுப்பினராகவோ, தரைத்தளத்தில் குடியிருப்பவராகவோ இருக்கிறார்கள். இந்த டைல்ஸ் பேச்சு அவர்கள் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் வரும். அப்போது தலையாட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இந்தத் தவறைச் செய்தவன் என்ற தகுதி இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் மூன்று வேப்பமரங்கள் இருந்தன. 2016-ல் அவற்றில் ஒன்றைச் சுற்றி டைல்ஸ் போட முடிவானது. ரயில்வேயில் என்ஜினீயர் என்பதால் வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நானும் முறைப்படி செய்தேன். ஓரடி ஆழம் தோண்டி, செங்கல் ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, மேலே கான்கிரீட் ஊற்றி, டைல்ஸ் பதித்து, மழைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தங்காமல் சாக்கடைக்குப் போகும்படி சரிவும் கொடுத்தேன். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் சதுரம். பெரியவர்கள் உட்கார இரண்டு பெஞ்சுகள். எல்லோரும் பாராட்டினார்கள்.

2018 மே மாதம் 13-ஆம் தேதி மாலை தில்லியில் அடித்த புழுதிப் புயல் பலருக்கு நினைவிருக்கும். அன்று அந்த மரம் விழுந்தது. நல்ல வேளையாகப் பெஞ்சில் யாரும் இல்லை. ஒரு ஸ்கூட்டர் நசுங்கியதோடு போயிற்று. அன்றைய புயலில் ஊரெங்கும் நல்ல மரங்களும் விழுந்தன, உண்மைதான். ஆனால் மறுநாள் காலையில் நான் வேர்ப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கங்களில் கை கனத்துக்கு இருந்த வேர்கள் கடப்பாரையால் வெட்டுப்பட்டு, வெட்டிய முனையிலிருந்து உளுத்துப்போயிருந்தன. ஓரடி தோண்டச் சொன்னவன் நான்தான். புயலைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்த தவறு எங்கே என்று பிறகு யோசித்தேன். ரயில்பாதையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவனுக்குக் கையோடு வந்த பழக்கம் அது. பாதை போடும் கரையில் மண் இறுகியிருக்க வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. இறங்கினால் கரை இளகும், பாதை தாழும். மரத்தடி மண்ணுக்கு இந்த விதி அப்படியே தலைகீழ். அங்கே மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், தண்ணீர் இறங்க வேண்டும், காற்றும் போய்வர வேண்டும். மரத்துக்குச் சாப்பாடு தேடும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேலே உள்ள ஒன்றரை அடி மண்ணில்தான் ஓடுகின்றன. நான் தோண்டிய ஓரடி அவற்றின் நடு வீடு.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். தில்லியில் சராசரியாக வருஷத்துக்கு 700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த 36 சதுர மீட்டரில் விழுவது குறைந்தது 25,000 லிட்டர். அத்தனையையும் நான் சரிவு கொடுத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் மே மாதம் மரம் வாடுகிறதே என்று குழாயைத் திறந்துவிட்டோம். அந்தத் தண்ணீரும் டைல்ஸ் மேலேயே ஓடிப் போயிற்று.

சட்டமும் இதைச் சொல்கிறது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. நாங்கள் வேலை செய்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. கமிட்டியில் ஒருவருக்கும் அது தெரியாது, என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது மீதி இரண்டு மரங்களுக்கும் டைல்ஸ் போடும் பேச்சு மறுபடி வந்திருக்கிறது. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? "புழுதியில் உட்காரச் சொல்கிறீர்களா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் செடிதான். ஆனால் எந்தச் செடி என்பதை நம் ஆசை முடிவு செய்யக் கூடாது. அங்கே இருக்கும் நிழல்தான் முடிவு செய்ய வேண்டும். புல் திரும்பத் திரும்பச் சாவது மாலியின் குற்றம் இல்லை. அறுகு வெயிலில் வளரும் புல். அதை நிழலில் நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை.

ஆகவே முதல் வேலை நிழலை அளப்பது. தில்லியில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே, 85 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பரில் அதே நேரத்தில் 38 டிகிரிதான். அதனால் குளிர்காலத்தில் தெற்குப் பக்கமிருந்து வெயில் சாய்வாக மரத்தடிக்குள் வரும். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று என்று மூன்று வேளையும் நிழலின் விளிம்பில் சின்னக் குச்சிகள் நட்டுப் பாருங்கள். வெயிற்காலத்தில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை. செலவே இல்லாத சர்வே. அடிமரத்தை ஒட்டி நாள் முழுக்க நிழல், நடுவில் இலை இடுக்கு வழியே விழும் பொட்டு வெயில், வெளி விளிம்பில் இரண்டு மூன்று மணி நேர வெயில் என்று மூன்று வளையங்கள் கிடைக்கும். வேம்பின் அடியில் பொட்டு வெயில் நிறைய விழும். மா, நாவல் போன்ற அடர்ந்த மரங்களின் அடியில் அது குறைவு.

அடிமரத்தைச் சுற்றி ஓரடிக்கு எதையும் நட வேண்டாம். மண்ணைக் குவிக்கவும் வேண்டாம். 'நல்ல மண்' என்று லாரியில் கொண்டுவந்து அரையடி உயரத்துக்குக் கொட்டுகிறார்கள். வேருக்கு அதுவும் மூச்சுத் திணறல்தான். அதற்கு அப்பால், அடர்ந்த நிழலில், மோண்டோ கிராஸ் என்று நர்சரியில் கிடைக்கும் கரும்பச்சைக் குட்டைப் புல் நன்றாக வரும். பேர்தான் புல், உண்மையில் அது வேறு இனம். மெதுவாகப் பரவும், வெட்டவே வேண்டாம். முதல் வருஷம் சோனியாகத் தெரியும். பொறுமை வேண்டும். தண்ணீர் எட்டாத இடமானால், நம் ஊர்ப்பக்கம் நார் எடுப்பார்களே மருள், அதே இனத்தைச் சேர்ந்த சான்சிவேரியா போதும். இரண்டு வாரம் மறந்துபோனாலும் கோபித்துக்கொள்ளாது.

நடு வளையத்துக்கு ஸ்பைடர் பிளான்ட் நல்லது. ஒரு தொட்டி வாங்கினால் அதன் நீண்ட காம்புகளில் தொங்கும் குட்டிகளைப் பிய்த்து நட்டே ஒரு வருஷத்தில் பாதி இடத்தை நிரப்பிவிடலாம். இலையில் ஊதாவும் வெள்ளியும் கோடு கோடாக ஓடும் ட்ரடெஸ்காண்டியா இன்னும் வேகமாகப் படரும். கடுங்குளிரில் கொஞ்சம் கருகினாலும் பிப்ரவரி முடிவில் துளிர்க்கும். அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மணி பிளான்ட்டைத் தரையில் படரவிடுவதில் எனக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை. மரத்தில் ஏறிவிடும். குழந்தைகள் இலையைக் கடித்தால் வாய் எரியும். பெரணி பார்க்க அழகு, ஆனால் லூ காற்றுக்கு நிற்காது. குழாயடியில் ஈரமுள்ள மூலை இருந்தால் மட்டும் வையுங்கள். அதே ஈர மூலையில் வல்லாரையும் தழைக்கும். துவையலுக்கு ஆயிற்று.

வெளி விளிம்புதான் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பிடித்த இடமாக இருக்கும். கற்பூரவல்லிக்கு அந்த அளவு வெயில் போதும். நர்சரியில் 'அஜ்வாயின் பத்தா' என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். மழைக்கு முன், ஜூன் தொடக்கத்தில், மஞ்சள் கிழங்கை அங்கே ஊன்றலாம். அகன்ற இலை மழைக்காலம் முழுதும் தரையை மூடும். பொங்கல் சமயத்தில் குளிரில் இலை பழுத்துத்தான் இருக்கும். ஆனாலும் பானையில் கட்ட நம் வாசலிலேயே மஞ்சள் கொத்து கிடைக்கும். ஒன்று மட்டும்: மஞ்சளைத் தோண்டித்தானே எடுக்க வேண்டும்? அதனால் மரத்தை விட்டு நன்றாகத் தள்ளியே வையுங்கள்.

மஞ்சள் பூவோடு படரும் வெடலியாவை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். அது அமெரிக்க வெப்பப் பகுதியிலிருந்து வந்து, வைத்த இடத்தில் நிற்காமல் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும் சாதி. நிழலில் பூவும் சரியாகப் பூக்காது.

நடுவதற்கு ஜூலை மாதம் உகந்தது. மண்வெட்டி, கடப்பாரை எதுவும் வேண்டாம். மாலியின் குர்ப்பி ஒன்று போதும். வேர் தட்டுப்பட்டால் அதை வெட்டாமல் நான்கு அங்குலம் தள்ளி நடுங்கள். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி. வேர் பிடிக்கும்வரை, மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் விட்டால் போதும்.

இத்தனையும் செய்து எதுவுமே வராத இருட்டு மூலை ஒன்று இருக்கும். அங்கே விழுந்த இலையை அப்படியே விட்டுவிடுங்கள். மார்ச் மாதம் வேம்பு இலை உதிர்க்கும்போது அதைப் பெருக்கி மூட்டை கட்டுகிறோம், அல்லது நெருப்பு வைக்கிறோம். தில்லியில் குப்பையையும் இலையையும் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. இரண்டு அங்குல உயரத்துக்கு இலை பரப்பினால் புழுதி கிளம்பாது, ஈரம் காயாது, மட்கி மண்ணாகவும் ஆகும். மரம் தானே கொடுக்கும் போர்வை, காசு கிடையாது.

எதிர்ப்புகள் வரும், எனக்குத் தெரியும். "பாம்பு வரும்" என்பார்கள். முழங்கால் உயரப் புதரைத்தான் தவிர்க்க வேண்டும். மருளை இடம் விட்டு நட்டால் அடி தெரியும். மற்றவற்றில் பெரும்பாலானவை முழங்கால் உயரத்துக்கு வராதவை. "கொசு வரும்" என்பார்கள். அடர்ந்த செடியில் கொசு பகலில் ஒளிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் டெங்கு கொசு முட்டையிடுவது கூலரிலும் தொட்டித் தட்டிலும் தேங்கிய தண்ணீரில்தான். அதை வாரம் ஒருமுறை கொட்டுகிறோமா? "வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள்" என்பது எனக்கும் பொருந்தும் கவலை. மரத்தைத் தொடாமல், ஒரு மீட்டருக்கு அப்பால், மணல் மேல் செங்கல் பதித்து ஒரு நடைபாதை போடலாம். சிமென்ட் பூசாத இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும். அதற்கும் தோண்ட வேண்டியதில்லை, மேலாக மட்டம் செய்தால் போதும். பெஞ்சை அதன் ஓரத்தில் வைக்கலாம்.

அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்கில் நான் எழுந்து இதைத்தான் சொல்லப் போகிறேன். விழுந்த மரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை. மீதி இரண்டு மரங்களை வைத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் குடிவருமுன்பே அவை நிழல் கொடுத்துக்கொண்டிருந்தன.

மரம் வைத்தவன் தண்ணீர் விடுவான் என்று நம்மவர்கள் சொல்வார்கள். வருஷா வருஷம் அவன் விடத்தான் செய்கிறான். அது இறங்குவதற்கு மண்ணைத் திறந்து வைப்பதாவது நம் வேலை இல்லையா?