முயலுக்கும் வீடு வேண்டும்

குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று முயல் வாங்குகிறோம். ஒரு பெட்டியில் அடைத்துக் கொல்லையில் வைத்ததும் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியாகவே பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்ப்பது கொடைக்கானலை அடுத்த மன்னவனூரின் குளிரில். சமவெளியிலோ கத்திரி வெயிலில் தகரக் கூரைக் கூண்டு அடுப்பேதான்.

ஆகவே மரநிழலில், தரைக்கு 3 அடி மேலே, ஓலைக் கூரையுடன் கூண்டு அமைய வேண்டும். மெல்லிய கோழிவலையை நாய் கிழித்துவிடும். கெட்டியான வெல்டிங் கம்பிவலையும் பூட்டும் தேவை. நாய் சுற்றிவந்து குரைத்தாலே அச்சத்தால் முயல் இறந்துவிடக்கூடும். ஒளிந்துகொள்ள ஓர் இருட்டறையும் வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதவர் முயல் வாங்காதிருப்பதே ஜீவகாருண்யம்.