கைப்பேசி செய்யும் ஊரில் கைப்பேசி இல்லாப் பிள்ளை

திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு நோக்கியா ஆலை இயங்கத் தொடங்கிற்று. 2014 நவம்பரில் அதன் கதவுகள் மூடப்பட்டன. இன்று சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐபோன்கள் கடல் கடந்து செல்கின்றன. ஒரகடத்திலோ கார்கள் அணிவகுக்கின்றன. உலகின் கைக்குக் கைப்பேசி வழங்கும் மண் இது! இம்மண்ணின் ஊராட்சிப் பள்ளியில் பயிலும் பிள்ளையின் கையில் இருப்பது யாது?

கேள்வி புதிதன்று, கொரோனா எழுப்பிய கேள்வி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் நாளில்தான். இடைப்பட்ட காலத்தில் வாட்ஸ்அப் குழுவே வகுப்பறை ஆயிற்று. ஆசிரியர் பாடம் அனுப்பினார், பிள்ளைக்குக் கிட்டியதா? தந்தை ஷிப்டுக்குப் புறப்பட்டால் கைப்பேசியும் உடன் புறப்பட்டது. வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கருவி என்றால், எவருக்கு முதல் உரிமை?

இந்தியச் சிற்றூர்களை ஆய்ந்த 'ஏசர்' அறிக்கை, திறன்பேசி உள்ள வீடுகளைச் சேர்ந்த மாணவர் 2018இல் நூற்றுக்கு 36.5 என்றும், 2021இல் 67.6 என்றும் கூறிற்று. வளர்ச்சிதான். ஆயினும், அத்தகைய வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அக்கருவி எட்டவில்லை என்பதையும் அதே அறிக்கை சுட்டிற்று. வீட்டில் இருப்பது வேறு. பிள்ளைக்குக் கிடைப்பது வேறு!

சிற்றூர் ஆசிரியரிடம் கேளுங்கள், தோழர்களே; இரு குரல்கள் கேட்கும். "எரிமலை வெடிப்பதைக் கரும்பலகையில் எப்படிக் காட்டுவேன்? யூடியூப் காட்டுகிறது. ஆலைக்குப் போகும் தாய் பள்ளிக்கு வர இயலாது, வாட்ஸ்அப் வழியே அவரை அடைகிறேன்" என்பது ஒன்று. "என் சொந்தக் கைப்பேசி, என் சொந்தக் காசு, நள்ளிரவிலும் செய்தி வருகிறது. பாடம் பார்க்க எடுத்த பிள்ளை வேடிக்கைப் படத்தில் மூழ்குகிறான்" என்பது மற்றொன்று. இரண்டும் மெய்யே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடக்குவது அறிவுடைமை ஆகாது.

பின் எதைக் கொண்டு முடிவு செய்வது? தமிழகப் பள்ளியின் வரலாறே வழி காட்டுகிறது. பசி படிப்பைத் தடுத்தது. காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது, 1982இல் சத்துணவு விரிந்தது, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. உடை வேற்றுமை காட்டிற்று, சீருடை வந்தது. பாடநூலும் பேருந்துப் பயண அட்டையும் விலையின்றிக் கிடைத்தன. இவற்றின் உட்பொருள் ஒன்றே: பாடத்திற்கு எது இன்றியமையாததோ, அதைத் தருவது அரசின் கடன். கைப்பேசியின்றிப் பாடம் கிட்டாது என்றால், அந்தக் கைப்பேசி பெயர் மாற்றி வந்த பள்ளிக் கட்டணமே!

"காலம் மாறிவிட்டது, கருவியைத் தடுக்கலாமா?" என்பர். தடுக்கச் சொல்லவில்லை, இடம் அறிந்து வைக்கச் சொல்கிறோம். செல்வம் கொழிக்கும் ஆஸ்திரேலியாவே, 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. நம் பிள்ளையை மட்டும் காவலின்றி அச்சந்தையில் இறக்கிவிடலாமா?

ஆகவே வேண்டுவன நான்கு. படக்காட்சி பள்ளியின் திரையில், ஆசிரியர் முன்னிலையில், அனைவருக்கும் ஒருசேர நடக்கட்டும். கருவியும் இணையச் செலவும் ஆசிரியர் தலையில் விழாதிருக்கட்டும். வாட்ஸ்அப் குழு பெற்றோருக்கு அறிவிப்புப் பலகையாக இருக்கட்டும். வீட்டுப்பாடம் அதில் மட்டுமே வருதல் கூடாது. பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையின் முகம் பொதுவெளியில் ஏறலாகாது.

இவை மேடையில் முழங்கி முடிவன அல்ல. ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெற்றோருக்கு இடமுண்டு. தோழர்களே, அடுத்த கூட்டத்திற்குச் செல்லுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குக் கைப்பேசி எட்டவில்லை என்று கேளுங்கள். பெயர் பெயராக எண்ணுங்கள். தாயும் தந்தையும் கோத்து அனுப்பும் கருவி, அவர்தம் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே நிறுத்தும் கருவியாகிவிடக் கூடாது!